மாரி மழையில் அரை மரதன்: கிளிநொச்சியில் கூட்டமாக ஓடுகிறோம், பாதைக்கு யோசனை சொல்லுங்கள்

இரணைமடுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இந்த மார்கழியிலும் நண்பர்கள் சேர்ந்து அரை மரதன் ஓடப் போகிறோம். 21.1 கிலோமீற்றர். நெஞ்சில் குத்த இலக்கமும் இல்லை, கழுத்தில் போடப் பதக்கமும் இல்லை. ஒரே வகுப்பில் படித்தவர்கள். இப்போது ஒருவன் வயல் செய்கிறான், ஒருவன் வங்கி, ஒருவர் ஆசிரியை, இரண்டு பேர் கொழும்பு, ஒருவன் கனடா. எல்லோரும் ஊரில் ஒன்றாக நிற்பது இந்த மாதத்தில்தான். மழை நிற்காமல் பெய்வதும் இந்த மாதத்தில்தான்.

"மழை விடட்டும், பங்குனியில் ஓடுங்கோவன்" என்று வீட்டில் சொல்கிறார்கள். பங்குனியில் வன்னியில் காலை ஏழு மணிக்கே தார் சுடத் தொடங்கிவிடும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று புழுதியை அள்ளி வாய்க்குள் போடும். நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு முதல் எதிரி சூடு. கால் தசைகள் வேலை செய்யச் செய்யப் பிறக்கும் சூட்டை உடம்பு வியர்த்து வியர்த்து வெளியே தள்ள வேண்டும். மாரியில் அதற்கு மழையும் கை கொடுக்கும். வயல்காரருக்கும் மார்கழி தோதான மாதம்: ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் தைக்குப் பிறகுதான் வெட்டுக்கு வரும். ஆகவே மாரியில் ஓடுவதா இல்லையா என்று நான் கேட்க வரவில்லை. எப்படி ஓடுவது என்பதுதான் கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். கூட்டமாக ஓடினால் கடைசியாக வருகிறவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். வெயில் காலத்தில் இதை வற்புறுத்த மாட்டேன். மாரியில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடை மழையில் ஐம்பது மீற்றர் முன்னால் போகிறவனுக்குப் பின்னால் ஒருவர் விழுந்த சத்தம் கேட்காது. றோட்டுக் கரையில் ஆள் இருக்காது, கடைகள் பாதி பூட்டு, போன் பொலித்தீன் பையின் அடியில் கிடக்கும்.

போன மாரியில் இரணைமடுச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எங்கள் வங்கிக்காரன் கதையை நிறுத்திவிட்டான். அதுவரை வாய் ஓயாமல் வந்தவன். பார்த்தால் வலது காலை நொண்டி நொண்டி வைக்கிறான். சப்பாத்துக் கயிறு நனைந்து ஊதி, முடிச்சு கல்லாக இறுகிப் போயிருந்தது. அவனுக்கு விரல்கள் விறைத்து நகம் கூட உள்ளே போகவில்லை. வயல்காரன் மதகு ஓரத்தில் முழங்காலில் குந்தி, பல்லால் கடித்து அந்த முடிச்சை அவிழ்த்தான். மேஸைக் கழற்றினால் உள்ளங்கால் வெளிறிச் சுருங்கி, குதிக்காலில் தோல் ஒரு ரூபாய்க் குற்றியளவுக்கு உரிந்து மடிந்து கிடந்தது. வஸ்லின் பூசி, காய்ந்த மேஸ் மாற்றி, கயிற்றைத் தளர்த்திக் கட்டி, நடையும் ஓட்டமுமாக முடித்தோம். தனியே ஓடியிருந்தால் அவன் அந்தக் காலோடு கடைசிவரை இழுத்திருப்பான், ஆளைத் தெரியும்.

இப்போது பாதை. கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கி ஏ9 வீதியால் தெற்கே போய், இரணைமடுச் சந்தியில் திரும்பி, இரணைமடுக் குளக்கட்டில் கொஞ்சம் ஓடி, அதே வழியால் திரும்புவது என்று யோசிக்கிறோம். குறைகிற தூரத்தைக் கட்டிலேயே ஓடிச் சரிக்கட்டலாம். அந்தப் பக்கத்தில் ஓடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா_ஓட்டம்

அண்ணா, நல்ல முயற்சி. ஆனால் "கடைசி ஆளின் வேகம்" என்பதில் நான் உடன்படவில்லை.

கணக்கைப் பாருங்கள். கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடத்தில் ஓடுகிறவர் அரை மரதனை ஏறக்குறைய 1 மணி 56 நிமிடத்தில் முடிப்பார். எட்டு நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 2 மணி 49 நிமிடம் வரும். முதலாமவர் இரண்டாமவரோடு ஓடினால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கூடுதலாக நனைகிறார். அதோடு அவருடைய உடம்புக்கு அது நடை மாதிரி. சூடு பிறக்காது. வாடைக்காற்றும் சேர்ந்தால் நடுங்கத் தொடங்கிவிடும். வன்னியில் குளிர் எங்கே என்று கேட்பார்கள். 24 பாகை என்றாலும் ஈர உடுப்போடு காற்றில் நின்று பார்த்தால் தெரியும்.

என் யோசனை சோடி சோடியாக ஓடுவது. ஒத்த வேகக்காரர் இரண்டு பேர் ஒரு சோடி, சோடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிரிவதில்லை. எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டத் தேவையில்லை.

மின்னலையும் மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பின்னேர மழை இடியோடுதான் வரும். மார்கழி மழை பெரும்பாலும் இடி குறைந்த மழை, ஆனாலும் நம்பி இருக்க முடியாது. மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. உடனே சுவர் உள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. குளக்கட்டு என்றால் சுற்றிவர வெளி, நீங்கள்தான் அங்கே உயரமான பொருள். கட்டு வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இரணைமடுக்காரன்

தம்பி, கணக்கு சரி. மின்னல் விஷயத்தில் மறுபேச்சே இல்லை. குளிர் பற்றிச் சொன்னதையும் யோசிக்கிறேன். ஆனால் சோடி என்றால் கடைசிச் சோடி இரண்டு பேருமே களைத்தவர்களாக இருப்பார்கள். களைத்தவருக்குக் களைத்தவர் எப்படி உதவுவது? அந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது.

ஓட்டோ_சாரதி

நான் இவர்களோடு படித்தவன்தான். ஓடுகிற கால் ஒன்று இப்போது இல்லை, ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால்தான். அதனால் ஓட்டோவில் பின்னால் வருகிறேன். தண்ணீர், துவாய், மாற்று மேஸ், வஸ்லின், தோடம்பழம் எல்லாம் என்னுடைய பொறுப்பு. பின்னால் இருந்து பார்க்கிறவனுக்கு ஓடுகிறவர்களுக்குத் தெரியாத பல விஷயங்கள் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒருவர் களைக்கிறார் என்பது முதலில் காலில் தெரியாது. தோளில் தெரியும். தோள் இரண்டும் காதை நோக்கி மெல்ல மெல்ல ஏறும். பிறகு கை நெஞ்சுக்குக் குறுக்கே போய் வரத் தொடங்கும். அதற்குப் பிறகு தண்ணீர்க் குழியைக் கண்டும் விலத்த மாட்டார், நேரே அதற்குள் கால் வைப்பார். அந்த நேரம் நான் ஹோர்ன் அடிப்பேன், எல்லோரும் நிற்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. ஓடுகிறவரிடம் "இயலுமா?" என்று கேட்டால் நூற்றுக்கு நூறு "இயலும்" என்றுதான் பதில் வரும். ஆகவே அந்தத் தீர்மானம் ஓடாத ஒருவரின் கையில் இருப்பது நல்லது.

வவுனியாத் தம்பி சொன்ன சோடி முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நேர்ப் பாதையில் மூன்று சோடி மூன்று இடத்தில் நின்றால் ஓட்டோ யாரோடு நிற்கும்? ஒரே உள்வீதியில் ஐந்து கிலோமீற்றர் அளவில் ஒரு சுற்று, அதை நாலு தரம் ஓடி மிச்சத்தை முடிவில் சேர்த்தால் நான் ஒரே இடத்தில் தறப்பாள் கட்டி நிற்பேன். வேகக்காரனும் மெதுவாக ஓடுகிறவரும் ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முடியாதவர் இடையில் நிறுத்தினாலும் துவாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஏ9 பற்றியும் ஒன்று. மழை இரவுகளில் மாடுகள் வயல் ஈரத்துக்குப் பயந்து காப்பெற் றோட்டில் வந்து படுக்கும். விடியப்புறம் இருட்டில் கறுத்த மாடு கண்ணுக்கே தெரியாது. அதை வெட்டி விலத்துகிற டிப்பருக்கு நீங்களும் தெரிய மாட்டீர்கள். ஒவ்வொருவரும் முதுகில் ஒளிபடும் பட்டியும் கையில் ஒரு ரோச்சும் வைத்திருக்க வேண்டும். வாகனம் வருகிற திசைக்கு முகம் கொடுத்து வலப்பக்கக் கரையில் ஓடுங்கள்.

பரந்தன்_பொடியன்

குளக்கட்டுப் பாதைக்கு நானும் எதிர்ப்பு. மின்னலை விட்டாலும் இன்னும் காரணங்கள் இருக்கின்றன.

மார்கழியில் இரணைமடு நிரம்பும் காலம். வான்கதவு திறந்தால் அந்தப் பக்கம் சனம் வேடிக்கை பார்க்கக் குவியும், பாதுகாப்புக்காகப் பாதையை மறிக்கவும் கூடும். கிறவல் பாதை மழையில் ஊறினால் மேலே சொரசொரப்பாகத் தெரியும், கால் வைத்தால் அடியில் களி வழுக்கும். சரிவில் வழுக்கினால் ஒரு பக்கம் குளம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இரணைமடுவுக்குத் தண்ணீர் வருவது கனகராயன் ஆற்றால். கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் இரவிரவாகக் கொட்டினால், கிளிநொச்சியில் வானம் வெளித்திருந்தாலும் குளம் ஏறும். கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் இறங்கும். 2018 மார்கழி வெள்ளத்தில் அப்படித்தான் ஓரிரவுக்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. ஆகவே தலைக்கு மேலே உள்ள மழையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள், கதவு திறப்புப் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களம் ஏதாவது சொல்லியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் போனில் போட்டு வையுங்கள்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஓடலாமா என்று போன வருடம் ஒருவர் கேட்டார். மழை நாளில் நான் அந்தப் பக்கம் யாரையும் ஓடச் சொல்ல மாட்டேன். றோட்டை மேவிப் பாயும் தண்ணீர் முழங்காலளவு என்றாலும் ஆளைச் சரிக்கும். அதன் அடியில் றோட்டு இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலே நின்று பார்க்கத் தெரியாது. ஓடுகிற தண்ணீரைக் கண்டால் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

விசுவமடு_அக்கா

தம்பிமார், நான் தாதியாக வேலை செய்கிறேன். மழையில் ஓடுவேன், ஆகவே பயமுறுத்த வரவில்லை.

எலிக்காய்ச்சலைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் தோல் கீறலில் பட்டால் கிருமி உள்ளே போகும். வயலுக்குள் இறங்குகிறவருக்குத்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். குதிக்கால் உரிந்த ஒருவர் வயல் வெள்ளம் மேவிய பாதையில் ஓடினாலும் அதே கதைதான். வங்கிக்காரத் தம்பியின் காலைப் பற்றி வாசித்தபோது எனக்கு முதலில் வந்த பயம் அதுதான். ஓடி முடிந்ததும் சவர்க்காரம் போட்டு நல்ல தண்ணீரில் கால் கழுவ வேண்டும். கீறலுக்கு மருந்து கட்ட வேண்டும். அடுத்த இரண்டு, மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வெள்ளத்துக்குள்ளால் ஓடினேன்" என்று வாய் திறந்து வைத்தியரிடம் சொல்லுங்கள். வயல்காரத் தம்பி மாதிரி தினமும் சேற்றில் நிற்கிறவர்கள் பிரதேசத்துப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், தேவையென்றால் கிழமைக்கு ஒருமுறை போடும் தடுப்பு மாத்திரைக்கு ஒழுங்கு செய்வார். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

மழையில் தாகம் தெரியாது, ஆனால் வியர்ப்பது நின்றுவிடாது. ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் தூளைப் பக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, இடைக்கிடை இரண்டு மிடறு குடியுங்கள். தாகமே இல்லாமல் வெறும் தண்ணீரைப் போத்தல் போத்தலாகக் குடிப்பதும் ஆபத்துத்தான், இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். 1990 அம்புலன்ஸ் இலவசம், எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இனிப் பெண்களுக்கான விஷயம். கூட்டத்தில் ஓர் ஆசிரியை இருக்கிறார் என்கிறீர்கள். நனைந்த ரீ-சேட் உடம்போடு ஒட்டும். கடும் நிறத்தில், கொஞ்சம் தளர்வான, பருத்தி அல்லாத துணியாகப் பார்த்துப் போட்டால் நிம்மதியாக ஓடலாம். பருத்தி தண்ணீர் குடித்துக் கனத்து, அக்குளையும் தொடையையும் உரசிப் புண்ணாக்கிவிடும். உரசுகிற இடமெல்லாம் முதலே வஸ்லின் பூச வேண்டும். ஆம்பிளைகளுக்கும் முலைக்காம்பு உரசி இரத்தம் கசியும், அங்கே பிளாஸ்டர் ஒட்டுங்கள். முடிந்ததும் உடுப்பு மாற்ற மறைவான இடம் வேண்டும். தறப்பாளுக்குப் பின்னால் என்று சமாளிக்காதீர்கள். பாதைக் கரையில் தெரிந்த வீடு ஒன்றை முதலே கேட்டு வையுங்கள். பின்னால் வருகிற சோடியில் பெண் இருந்தால் அந்தச் சோடியை விட்டு ஓட்டோ அசையக் கூடாது. மழை பெய்யும் விடியப்புறத்தில் ஆளரவமில்லாத றோட்டில் பின்தங்கி ஓடுவது எங்களுக்கு எப்படி இருக்கும் என்பதை வேகமாக ஓடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். நிலைப்பாடு என்று பார்த்தால் நான் இரணைமடுக்காரத் தம்பியின் பக்கம்.

ரொறன்ரோ_குளிர்

கனடாவிலிருந்து வருகிறவன் நான்தான். இரண்டு கேள்வி. மழைக்கோட்டு கொண்டு வரவா? சப்பாத்து எப்படிப்பட்டது நல்லது?

அதோடு வேகம் பற்றிய வாதத்துக்கு ஒரு சங்கதி. 2018 சித்திரையில் பொஸ்ரன் மரதன் கொட்டும் மழையிலும் எதிர்க்காற்றிலும் நடந்தது. குளிர் தாங்காமல் பேர்போன ஓட்டக்காரர்கள் பலர் பாதியில் விலகினார்கள். அமெரிக்காவின் டெசிரே லிண்டனுக்குத் தொடக்கத்திலேயே உடம்பு சரிவரவில்லை. தான் விலகக்கூடும், அதற்கு முன் உதவி ஏதும் வேண்டுமென்றால் சொல் என்று சக ஓட்டக்காரி ஷலேன் ஃபிளனகனிடம் சொல்லியிருக்கிறார். ஃபிளனகன் கழிவறைக்கு ஒதுங்கியபோது லிண்டன் வேகத்தைக் குறைத்துக் காத்து நின்று, முன்னணிக் கூட்டத்தோடு சேர அவருக்குத் துணையாக ஓடினார். கடைசியில் 2 மணி 39 நிமிடம் 54 வினாடியில் பெண்கள் பிரிவில் வென்றது அதே லிண்டன்தான். 1985க்குப் பிறகு அங்கே வென்ற முதல் அமெரிக்கப் பெண். ஆண்களில் வென்றவர் யப்பானின் யூகி கவாயுச்சி, அப்போது முழுநேர அரச உத்தியோகத்தர். காத்து நிற்பதால் ஓட்டம் கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

வவுனியா_ஓட்டம்

அண்ணா, லிண்டன் கதை எனக்கும் பிடித்தது. ஆனால் அவர் காத்தது கொஞ்ச நேரம், ஒரு மணித்தியாலம் அல்ல :) சரி, வாதம் போதும். ஓட்டோ அண்ணாவின் சுற்றுப்பாதை எங்கள் இரண்டு பேருடைய பிரச்சினையையும் தீர்க்கிறது. வேகக்காரர் தம் வேகத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு, அடுத்த சுற்றைக் கடைசி ஆளோடு ஓடட்டும். அவருக்கும் உடம்பு சூடாக இருக்கும், பின்னால் வருகிறவருக்கும் களைக்காத ஒருவர் துணை கிடைப்பார்.

மழைக்கோட்டு வேண்டாம். எங்கள் மழைக்கு உள்ளே வியர்த்து அவிந்து போவீர்கள். தொடங்கும்வரை நனையாமல் நிற்க ஒரு பெரிய பொலித்தீன் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டினால் போதும், ஓடத் தொடங்கும்போது ஓட்டோவில் போட்டுவிடலாம். முன்மடல் உள்ள தொப்பி கட்டாயம், கண்ணுக்குள் தண்ணீர் அடிக்காது. சப்பாத்து மேலே வலைத்துணியாக இருந்தால் உள்ளே போன தண்ணீர் ஒவ்வொரு மிதிக்கும் வெளியே வரும். மொத்தத் துணிச் சப்பாத்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டத்துக்கென்று புதிதாக வாங்கி வந்து அன்றைக்கே போடாதீர்கள், அடி தேய்ந்து வழவழத்ததும் வேண்டாம். ஓடி முடிந்ததும் உள்ளே பழைய பத்திரிகைத் தாளை அடைத்து வையுங்கள், இரண்டு மூன்று தடவை தாளை மாற்றினால் அடுத்த நாளைக்குக் காய்ந்துவிடும். அடுப்புக்குக் கிட்ட வைத்தால் ஒட்டு விட்டுப்போகும்.

காலடியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்டக் கிட்ட வையுங்கள். வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, பாலத்து இணைப்பு எல்லாம் வழுக்கும். சில நாள் மழையில்லாமல் இருந்து பெய்கிற முதல் தூறலில் றோட்டு எண்ணெய் மிதந்து இன்னும் மோசம்.

நந்திக்கடல்

முல்லைத்தீவுக்கும் ஒருமுறை வாருங்கள் என்று கேட்க இருந்தேன், ஆனால் மார்கழியில் நானே வேண்டாம் என்பேன். வட்டுவாகல் பாலம் ஒடுக்கம், தாழ்வு. பெருமழையில் தண்ணீர் மேவும். கடற்கரை மணலில் 21 கிலோமீற்றர் ஓட யாராலும் இயலாது. மாசி கழிய வாருங்கள், வற்றாப்பளை அம்மன் கோயிலடியில் தொடங்கலாம்.

கனடாத் தம்பிக்கு ஒன்று. ஒதுங்க வேண்டி வந்தால் பற்றைக்குள் இறங்காமல் வீடோ கடையோ பார்த்துக் கேளுங்கள். முகமாலையிலும் எங்கள் மாவட்டத்திலும் மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து எத்தனையோ வருடமாக நடந்து வந்திருக்கிறது. வெள்ளம் மண்ணை அரித்துப் பழையதை வெளியே கொண்டுவரும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடம் என்பதற்காகத் தெரியாத காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஊர்ச் சனம் நடக்கிற பாதையிலேயே நில்லுங்கள்.

வயதைச் சொல்லி யாராவது பின்வாங்கினால் எங்கள் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைச் சொல்லுங்கள். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 72 வயதில் தங்கம் வென்று வந்தவர். அவர் வந்திறங்கிய செய்தியைப் பார்த்துத்தான் என்னுடைய அம்மா விடிய நடக்கத் தொடங்கினார்.

இரணைமடுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரவு நாங்கள் எல்லோரும் வட்ஸ்அப்பில் கதைத்து முடிவெடுத்துவிட்டோம்.

குளக்கட்டு இல்லை, ஏ9 வீதியும் இல்லை. கனகபுரம் பக்கத்து உள்வீதியில் சுற்று. பாதையைச் சைக்கிளில் ஓடி அளந்து வைப்பது வயல்காரனின் வேலை. தண்ணீர் தேங்குகிற இடங்களுக்குக் கரையில் சுண்ணாம்பு போட்டால் கரைந்துவிடும் என்பதால் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டப் போகிறான். முதற் சுற்று எல்லோரும் ஒன்றாக, கடைசி ஆளின் வேகத்தில். அதில் எந்த இடம் வழுக்குகிறது, எந்த இடம் ஆழம் என்று எல்லோருக்கும் பழகிவிடும். இரண்டாம், மூன்றாம் சுற்றுச் சோடியாக, அவரவர் வேகத்தில். வேகக்காரர் முதலில் வந்தால் நின்று விறைக்காமல் திரும்பி ஓடிக் கடைசிச் சோடியோடு சேர வேண்டும். கடைசிச் சுற்று மறுபடி எல்லோரும் ஒன்றாக. அதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வவுனியாத் தம்பி, உங்களுடைய யோசனையில் பாதி இதில் இருக்கிறது, நீங்களும் வந்தால் என்ன?

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் சுற்றை எதிர்க்காற்றில் தொடங்குகிறோம். உடம்பில் தெம்பு இருக்கும்போது காற்றுக்கு முகம் கொடுத்து, நனைந்து களைத்த பிறகு அதை முதுகில் வாங்கித் திரும்பலாம். எதிர்க்காற்றில் முன்னால் ஓடுகிறவர் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார்.

நிறுத்துகிற அதிகாரம் முழுதும் ஓட்டோச் சாரதிக்கு. இடி கேட்டாலும், றோட்டை மேவித் தண்ணீர் ஓடினாலும், அவர் ஹோர்னை நீட்டி அடித்தால் ஓட்டம் முடிந்தது. மறுபேச்சு இல்லை. அக்கா கேட்டபடி ஆசிரியையின் பெரியம்மா வீடு பாதைக் கரையிலேயே இருக்கிறது. உடுப்பு மாற்ற அறையும் கால் கழுவச் சுடுதண்ணீரும் தருவதாகப் பெரியம்மா சொல்லிவிட்டார். இஞ்சிப் பிளேன்ரீயும் சுடச்சுடப் புட்டும் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஆட்கள் எத்தனை என்று மட்டும் முதல் நாள் சொல்லும்படியும் கேட்டிருக்கிறார்.

ஓட்டோ_சாரதி

எனக்கு ஒரு பதில் மட்டும் வேண்டும். கடைசிச் சுற்று எல்லோரும் ஒன்றாக என்றால் நானும் அதில் கடைசி ஒரு கிலோமீற்றர் நடந்து வரலாமா? காப்பெற் றோட்டில் காலுக்குப் பிடி இருக்கும். மழையில் உறைக்குள் ஈரம் போனால் கால் நழுவும், அதனால் அதற்கு முதல் துடைத்துக் காய்ந்த மேஸ் போட்டு மாட்ட எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும். ஓட்டோவை வங்கிக்காரன் ஓட்டட்டும், அவனுடைய குதிக்காலுக்கும் நல்லது.

இரணைமடுக்காரன்

இதுக்கு ஏன் கேட்கிறாய் மச்சான். கடைசிக் கிலோமீற்றர் உன்னுடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். பத்து நிமிடம் எடு.

வவுனியா_ஓட்டம்

நானும் வருகிறேன். சனி இரவு கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவேன், படுக்க இடம் பார்த்து வையுங்கள். வருகிற வழியில் முறிகண்டியில் பஸ் நிற்கும்போது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, எல்லோருக்குமாகக் கச்சான் கடலையும் வாங்கி வருகிறேன். பெரியம்மாவிடம் ஓர் ஆளைக் கூட்டிச் சொல்லுங்கள்.

விசுவமடு_அக்கா

இரண்டு ஆளாகச் சொல்லுங்கள். முதலுதவிப் பெட்டி என்னுடையது.